இரண்டு புள்ளித் துப்பாக்கி

அத்தியாயம் 3

கமலக்கண்ணன் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் துப்பாக்கி பிடித்திருக்கிறான். அது தீபாவளித் துப்பாக்கி. எதிர்வீட்டுப் பையனைக் குறிபார்த்து அழுத்தியதில் கேப் வெடித்துப் பொசுங்கியது அவனுடைய சொந்த விரல். அன்றைக்கே ஆயுதங்களுக்கும் தனக்கும் ஒத்துவராது என்று முடிவு கட்டியவனை, விதி கொண்டுபோய் ஒரு துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாக உட்கார வைத்திருந்தது.

அதற்கு முன்னால் அவன் ஓசூரில் பிரேக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகன். கீறல் விழுந்த உருப்படியை எடுத்துத் தனியே போடுவது வேலை. ‘சின்னக் கீறல்தானே, பாவம்’ என்று ஒவ்வொன்றையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். கடைசியில் கம்பெனி அவனை எடுத்துத் தனியே போட்டது.

“இன்னைக்காவது பாவம் பார்க்காம இரு” என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த பொற்கொடி. நிலையத்தின் முதலாளி, முன்னாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்துபோன குடோன்களையும் கவிழ்ந்து கிடந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியா?’ என்று கேட்கும் கண்கள் அவளுக்கு வாய்த்திருந்தன.

“நான் எங்கங்க மேடம் பாவம் பார்க்கறேன்? இந்த வண்டியப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு.”

வண்டி என்பது பழைய ஆம்னி. அதில் முழு பலத்தோடு இயங்கும் ஒரே பாகம் ஹாரன். விஜயதசமி காலை. சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை முழுக்க நேற்றைய ஆயுத பூசை சிதறிக் கிடந்தது. உடைத்த பூசணியின் குங்குமச் சதைமேல் சக்கரம் ஏறி ஏறி, ரோடே எதையோ ஒப்புக்கொண்டதுபோல் சிவந்திருந்தது. வாழைக்கன்று கட்டிய கன்டெய்னர் லாரிகள் மாப்பிள்ளை மாதிரி வரிசையாகப் போயின.

விஷயம் இதுதான். குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி மாந்தோப்பு வைத்திருக்கும் குருமூர்த்தி, நேற்று பூசையில் தன் மருமகன் கருப்பசாமியைச் சுட்டுவிட்டார். அப்பா காலத்து லைசென்ஸ் பிஸ்டல். குண்டு தோளுக்குக் கீழே புகுந்தது. ஒரு மாங்கொட்டை அளவு தள்ளிப் போயிருந்தால் கேஸின் பெயரே வேறு. கருப்பசாமி தெற்கத்திப் பையன். ஓசூரில் பைக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். குருமூர்த்தியின் ஒரே மகள் மேகலாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவள் அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சில்லை. பேசாத மாமனார் முதல் தடவையாக மருமகனைப் பூசைக்கு அழைத்தார். வந்தவனைச் சுட்டார். ஊர் இதை இந்த வரிசையில்தான் சொன்னது. போலீசும்.

நேற்று ராத்திரி வரை ‘லாக்கு போட்டுத்தாங்க நீட்டினேன், எப்படி வெடிச்சுதுன்னே தெரியல’ என்று சாதித்துக்கொண்டிருந்த மனிதர், இன்று காலையில் ‘வேணும்னேதான் சுட்டேன்’ என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். அங்கேயும் அதையே சொன்னால் முடிந்தது.

பொற்கொடியின் செல்போன் அலறியது. பொற்கொடியை இந்த வேலைக்கு அமர்த்திய குருமூர்த்தியின் மனைவி சரோஜம்மாள். பொற்கொடி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, அவரு ஒத்துக்கிட்டாராமே! கோழி அறுக்கறாங்கன்னா எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போயிடற மனுசனுங்க அவரு!”

“மேகலா என்ன சொல்றா?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. ‘உன் புருசன் என் புருசனச் சுட்டுட்டான், நீ போ’ங்கறா. அப்பாங்கற வார்த்தையே வாயில வரல. பூசையில எடுத்த வீடியோவப் போலீசுக்குக் குடுத்ததே அவதானுங்களே.”

போன் அணைந்தது. கமலக்கண்ணனுக்கு ஹாரன் அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

“ஒருத்தன் ராத்திரி முழுக்க ‘இல்ல’ன்னுட்டுக் காலையில ‘ஆமா’ங்கறான்னா என்ன அர்த்தம்?” என்றாள் பொற்கொடி.

“அடி விழுந்திருக்கும்.”

“இன்ஸ்பெக்டர் ராஜப்பன் அடிக்கிற ஆள் இல்ல.”

“அப்ப கொசு கடிச்சிருக்கும். எனக்கெல்லாம் ஒரு ராத்திரி கொசு கடிச்சா ரெண்டு கொலைய ஒத்துக்குவேன்.”

பொற்கொடி சிரிக்கவில்லை. “ராத்திரிக்கும் காலைக்கும் நடுவுல அவர் எதையோ பார்த்திருக்காரு கண்ணா. என்னத்தப் பார்த்தாருன்னு தெரிஞ்சா போதும்.”

*

இன்ஸ்பெக்டர் ராஜப்பன் நெற்றியில் சந்தனத்தோடு இருந்தார். மேஜைமேல் நேற்றைய பூசைப் பொரி. சுவரில் சாய்த்திருந்த ரைபிள்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தது. கமலக்கண்ணன் அவற்றுக்கு முதுகைக் காட்டாமல் உட்கார இடம் தேடினான்.

“பொரி எடுத்துக்குங்க. கேஸ் முடிஞ்சு போச்சு மேடம். வீடியோ இருக்கு, வாக்குமூலம் இருக்கு. இன்னும் என்னா வேணும்?”

“வீடியோவ ஒரு தடவை பார்க்கலாமா?”

பார்த்தார்கள். தோப்பு வீட்டு முன்வாசல். வாழையிலைமேல் அரிவாள், மருந்தடிக்கிற மிஷின், டிராக்டர் சாவி, நடுவில் பிஸ்டல். வெள்ளை பனியனில் குருமூர்த்தி. படம் எடுக்கும் மேகலாவின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது: “அப்பா, அவரு கையில குடுங்கப்பா. அவரு பொட்டு வைக்கட்டும்.” குருமூர்த்தி தயங்குகிறார். பிஸ்டலை எடுக்கிறார். கண்ணைச் சுருக்கி அதன் பக்கவாட்டைப் பார்க்கிறார். கட்டைவிரலால் எதையோ கீழே தள்ளுகிறார். பிறகு மருமகன் பக்கம் நீட்டுகிறார்.

“மாமா, பச்சை! பச்சை!” என்கிறான் கருப்பசாமி, கையை நீட்டியபடி.

‘டப்’ என்று ஒரு சத்தம். அதன்பின் படம் தரையைக் காட்டியது. கோலமும் யாருடையதோ ஒரு செருப்பும்.

கமலக்கண்ணன் கையிலிருந்த பொரியைத் திரும்பத் தட்டிலேயே போட்டான்.

“பூசைக்கு வெச்ச துப்பாக்கில குண்டு எதுக்கு?” என்று கேட்டாள் பொற்கொடி.

“அது அவங்க குடும்ப வழக்கமாம். வெறும் ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாதாம். ஒரே ஒரு குண்டு போட்டு, லாக் பண்ணிட்டுத்தான் இலையில வைப்பாராம் அவங்கப்பா. முட்டாள்தனம்தான். ஆனா முட்டாள்தனம் வேற, இது வேற.” ராஜப்பன் கண்ணாடிக் காகித உறையோடு பிஸ்டலை எடுத்து மேஜைமேல் வைத்தார். “கிருஷ்ணகிரில துப்பாக்கி ரிப்பேர் பண்றவரைக் காலையில கூட்டிட்டு வந்து காட்டினேன். காலித் தோட்டாவையும் எடுத்தாச்சு. லாக் கல்லு மாதிரி இருக்கு. தானா வெடிக்க வழியே இல்ல. இதோ, இந்த லீவர் மேல இருந்தா லாக். கீழ தள்ளினா திறந்துக்கும். வீடியோல அவர் கீழதான் தள்றாரு. திறந்துட்டு நீட்டறாரு.”

கரிய இரும்பு தேய்ந்து வெளுத்திருந்தது. கட்டைவிரல் படும் இடத்தில் அந்தச் சின்ன லீவர். அதன் பக்கத்தில் குன்றிமணியைவிடச் சின்னதாக ஒரு புள்ளி பளபளவென்று தெரிந்தது. சிவப்புப் புள்ளி.

“நீங்களே சொல்லுங்க சார்” என்று ராஜப்பன் கமலக்கண்ணன் பக்கம் திரும்பினார். “இப்ப லாக் போட்டிருக்கா, இல்லையா?”

பரீட்சை ஹாலில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷம் கமலக்கண்ணனுக்கு. “போட்டிருக்குங்க சார். சிவப்பு தெரியுதே.”

“பார்த்தீங்களா! துப்பாக்கியே தொடாத ஆளுக்குத் தெரியுது, வருசாவருசம் எடுத்துப் பொட்டு வைக்கிறவருக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியலையே” என்றாள் பொற்கொடி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“சிவப்பைப் பார்த்ததும் ‘ஐயோ, திறந்திருக்கு’ன்னுதான் எனக்குத் தோணுச்சு. நான் இதை எடுத்திருந்தா நானும் லீவரத் தள்ளியிருப்பேன். நானும் சுட்டிருப்பேன்.”

ராஜப்பன் லீவரைக் கீழே தள்ளினார். சிவப்பு மறைந்தது. மேலே இன்னொரு புள்ளி வெளிவந்தது. பச்சை.

“ராத்திரி அவர் என்ன சொன்னாரு சார்? அவர் சொன்ன வார்த்தையிலேயே வேணும்.”

ராஜப்பன் தாடையைத் தடவினார். “‘சிவப்பு தெரிஞ்சுது, தள்ளி மூடினேன்’னு. லாக்ல இருந்ததத் திறந்துட்டு, லாக் போட்டேங்கறாரு. உளறல்னு விட்டுட்டேன்.”

“காலையில இந்தத் துப்பாக்கிய அவருக்குக் காட்டினீங்களா?”

“லாக் எதுன்னும் சொல்லிக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோயி மூக்குகிட்ட வெச்சுப் பார்த்தாரு. தண்ணி கேட்டாரு. அப்புறம் ‘எழுதிக்குங்க சார், நான்தான் சுட்டேன்’னாரு.”

பொற்கொடி பிஸ்டலை உறையோடு ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெயில் பட்டதும் சிவப்புக்குள்ளே பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. இரும்பு அறுபது வயதுக் கிழவர் மாதிரி இருக்க, புள்ளிகள் மட்டும் நேற்றுப் பிறந்தவை.

“பழைய பெயின்ட் தேஞ்சுபோன குழியில யாரோ புதுசா வெச்சிருக்காங்க. பூசைக்கு அலங்காரம். நெயில் பாலிஷா இது?”

கமலக்கண்ணன் குனிந்தான். இந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காகக் கீறல் பார்த்த கண் கேட்கவில்லை.

“இல்லீங்க மேடம். மினுக்கப் பாருங்க. பைக் டாங்குக்கு அடிக்கிற சிவப்பு. பச்சையும் அதே ஜாதி. கம்பெனில கீறல மறைக்கறதுக்குச் சின்ன பாட்டில்ல வெச்சிருப்பாங்க, மூடியிலயே பிரஷ் இருக்கும். டச்-அப் பாட்டில்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

*

பின்னறையில் குருமூர்த்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நேற்று அவசரத்தில் மாட்டிய சட்டை, பொத்தான் மாறிப் போட்டிருந்தது. யாரும் சொல்லவில்லை போலும்.

“வாங்க” என்றார், வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்பதுபோல. “சரோஜா அனுப்புச்சா? வீணா அலையாதீங்க. நான்தான் சுட்டேன்.”

“எதுக்குங்க?”

“அந்தத் தெக்கத்தியானப் புடிக்கல. அவ்வளவுதான்.”

“புடிக்காதவனைச் சுடறதுன்னா இந்த ஜில்லாவுல ஆளே மிஞ்ச மாட்டாங்க” என்றான் கமலக்கண்ணன். “எங்க மாமனாரு என்னைய எப்பவோ முடிச்சிருப்பாரு.”

அவர் உதடு ஒரு கணம் அசைந்து நின்றது. பொற்கொடி எதிரில் உட்கார்ந்தாள்.

“சிவப்பு தெரிஞ்சா என்ன செய்யணும்னு உங்கப்பா சொல்லிக் குடுத்தாரு?”

“சிவப்பு கண்ணுல பட்டா அது உசுரோட இருக்குன்னு அர்த்தம், மொதல்ல மூடுன்னுவாரு...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். “அதெல்லாம் எதுக்கு இப்ப?”

“புள்ளி புதுசா இருக்கே. யாரு வெச்சது?”

“நான்தான்!” கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது பதில்.

“எதுல வெச்சீங்க?”

“பெயின்ட்ல. வீட்டு கேட்டுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு.”

“உங்க கேட்டு நீலம்ங்க” என்றாள் பொற்கொடி மெதுவாக. “நேத்து ராத்திரி நாங்க அதைத் தள்ளித்தான் உள்ள வந்தோம்.”

குருமூர்த்தி எழுந்து நின்றார். மண்வெட்டி பிடித்த பெரிய கைகள் தொங்கின. அவற்றை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“ஏங்கம்மா, ஒரு மனுசன் செஞ்சேன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா? போங்க. சாயங்காலம் ஜட்ஜய்யாகிட்டயும் இதைத்தான் சொல்லுவேன். எம்பொண்ணுகிட்டப் போயி எதையும் கேக்காதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

அவர் குனிவதற்குள் பொற்கொடி அவர் தோளைப் பிடித்துவிட்டாள்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. அதில் பாதி உயிர் இல்லை.

“மாப்ள... கண்ணு முழிச்சுட்டாரா?”

மகளின் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வருவது இதுவே முதல் முறை என்பது கமலக்கண்ணனுக்குத் தெரியும். சரோஜம்மாள் நேற்று அழுதுகொண்டே சொன்ன கதைகளில் அதுவும் ஒன்று.

*

ஓசூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடிக் காவலாளி அவர்களைத் தமிழில் நிறுத்தி, கன்னடத்தில் திட்டி, பொற்கொடி தெலுங்கில் பதில் சொன்னதும் சிரித்து உள்ளே விட்டார். மேகலா மருந்து வாங்கக் கீழே போயிருப்பதாகச் சொன்னார்.

கருப்பசாமி தலையணைமேல் சாய்ந்திருந்தான். மார்பைச் சுற்றிக் கட்டு. முகம் சுண்ணாம்பு. அந்த நிலையிலும் ‘உக்காருங்கக்கா’ என்றான்.

“என்ன நடந்துச்சு தம்பி?”

“ஒண்ணும் ஞாவகம் இல்லக்கா. போலீசுக்கும் அதான் சொன்னேன்.”

“பச்சை, பச்சைன்னு கத்தினியே. அது?”

அவன் கண்கள் ஜன்னலுக்குப் போய்த் திரும்பின. “மாமா... பச்சைச் சட்டை போட்டிருந்தாரு. நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

“வீடியோல வெள்ளை பனியனோடதான் நிக்கறாரு தம்பி” என்றான் கமலக்கண்ணன். “என்னைய மாதிரியே பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்கியே.”

பொற்கொடி கட்டிலின் விளிம்பில் கை வைத்தாள். “லாக் போட்டிருக்குன்னு நம்பித்தான் நீ பச்சைன்னு சொன்னதா நான் மொதல்ல நினைச்சேன். வாங்கறதுக்குக் கை நீட்டினவன் பிடியைத்தானே பிடிப்பான்? உன் கை குழலைத் தள்ளிவிடப் போகுது. அந்தத் தள்ளல்லதான் அவர் விரல் விசையில அழுந்தியிருக்கு. பச்சையைப் பார்த்து நீ பயந்திருக்க. ஏன்?”

அவனுடைய போர்வைக்கு வெளியே இடதுகை கிடந்தது. கமலக்கண்ணன் அதைப் பார்த்தான். ஆள்காட்டி விரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய சதை.

கமலக்கண்ணனுக்குப் பிரஸ் மிஷினின் தலையில் நிற்கும் விளக்குக் கம்பம் கண்முன் வந்தது. வேலைக்குச் சேரும் முதல் நாள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது. சிவப்பு எரிந்தால் மிஷின் நின்றிருக்கிறது, கையை உள்ளே விடலாம். பச்சை எரிந்தால் உயிரோடு இருக்கிறது, விட்டால் விரல் போகும்.

“பச்சை எரியறப்ப கைய விட்டியா?” என்று அந்த விரலைக் காட்டிக் கேட்டான்.

கருப்பசாமி தலையசைத்தான். கண்ணில் நீர் கட்டியது. “எவனோ பின்னால இருந்து சுவிட்சப் போட்டுட்டான். எனக்குப் பச்சையப் பார்த்தாலே இன்னும் கத்தத்தான் தோணும்ண்ணே.”

பொற்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்ஷூரன்ஸ் சர்வேயராக அலைந்தவளுக்கும் மாந்தோப்பில் வெயிலில் காய்ந்தவருக்கும் சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பத்திரம். பிரஸ் மிஷின் முன்னால் நின்றவர்களுக்கு அது அப்படியே தலைகீழ்.

“மேகலா கம்பெனியில என்ன வேலை பார்க்கறா தம்பி?”

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பெயின்ட் ஷாப். டச்-அப்.” குரல் உடைந்தது. “அக்கா, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். விட்ருங்க. அவ என் விரலை நெனச்சுத்தான் அப்படிக் கலர் வெச்சிருப்பா. ஆசையா வெச்சிருக்கா. அதுலதான் என்மேல குண்டு பாஞ்சுச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. எனக்கு ஞாவகம் இல்ல. அவ்வளவுதான்.”

*

வராந்தாவுக்கு வந்ததும் கமலக்கண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“கல்யாணத்துலேர்ந்து எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு பேரு. பேசி வெச்சுக்காமலே ஒரே விஷயத்துல ஒத்துப்போயிட்டாங்க மேடம். அவர் செய்யாததச் செஞ்சேங்கறாரு. இவன் தெரிஞ்சதத் தெரியாதுங்கறான். ரெண்டும் அந்தப் பொண்ணுக்காக.”

“ம்.”

“நாமளும் வாயை மூடிக்குவோமே. மூணாவது ஆளா.”

“பாவம் பார்க்கறியா?”

“ஆமா மேடம். இந்தத் தடவை உண்மையிலேயே பார்க்கறேன்.”

பொற்கொடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். எதையும் ‘அப்படியா?’ என்று கேட்காமல் அவள் கண்கள் இருப்பதை அவன் அன்றுதான் கண்டான்.

“நாமளும் மூடிக்கிட்டா, அவ அப்பா ஜெயில்ல சாவாரு. அவரைக் கொலைகாரன்னு நினைச்சுக்கிட்டே இவ வாழ்வா. செத்தா மொகத்தப் பார்க்கக்கூட வர மாட்டா. அப்புறம் என்னைக்காவது ஒரு நாள், வேலை நேரத்துல, கையில அந்தப் பாட்டிலோட நிக்கறப்ப அவளுக்கே புரியும். அப்ப யாரு இருப்பா பக்கத்துல?”

கமலக்கண்ணன் சுவரைவிட்டு நிமிர்ந்தான்.

படிக்கட்டில் மருந்துப் பையோடு மேகலா ஏறி வந்தாள். நேற்றைய பூசைப் புடவை. முந்தானையில் கறுத்துப்போன கறை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். அவர்களைப் பார்த்ததும் நின்றாள்.

“எங்கம்மா அனுப்பின ஆளுங்கதானே? அவரை வெளிய எடுக்கறதுக்கு என்கிட்ட எதுக்கு வரீங்க?”

பொற்கொடி தன் செல்போனைக் கமலக்கண்ணன் கையில் திணித்தாள். ஸ்டேஷனில் எடுத்த படம், லீவர் மேலே, சிவப்புப் புள்ளி. ‘நீ கேள்’ என்று அவள் கண் சொன்னது. ஏன் தன்னிடம் தருகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஸ்டேஷனில் தவறாமல் சரியான பதிலைச் சொன்னவன் அவன்தான். அவனும் மிஷின் பக்கம் நின்ற கூட்டம்.

“தங்கச்சி” என்றான். செல்போனை அவள் பக்கம் திருப்பினான். “இதுல லாக் போட்டிருக்கா?”

மேகலா எரிச்சலோடு பார்த்தாள். “போட்டுத்தான் இருக்கு. சிவப்பு தெரியுதுல்ல? நான்தான் வெச்சேன் அந்தப் புள்ளி. பழசெல்லாம் அழிஞ்சு வெறும் குழிதான் இருந்துச்சு. அப்பாவுக்குக் கண்ணு மங்கலாயிருச்சு, தெளிவாத் தெரியட்டும்னுதான் டச்-அப் பண்ணிப் பெட்டிக்குள்ள வெச்சேன். சொல்லாம வெச்சேன், பூசையன்னைக்குப் பார்த்துச் சந்தோஷப்படட்டும்னு.” உதட்டைக் கடித்தாள். “நல்லாத் தெரியற மாதிரி வெச்சும், பார்த்துத் திறந்துதானே சுட்டாரு?”

“சுடல தங்கச்சி. மூடினாரு.”

“என்னது?”

“எனக்கும் உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் சிவப்புன்னா நின்னிருக்குன்னு அர்த்தம். உங்கப்பா மிஷின் முன்னாடி நின்னவரு இல்லையே. சிவப்பு தெரிஞ்சா என்ன செய்யணும்னு உங்க தாத்தா சொல்லுவாரு?”

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். சின்ன வயதில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கேட்ட வாக்கியம் அது. பாதி வரை வந்திருக்க வேண்டும். “சிவப்பு கண்ணுல பட்டா...” என்றாள். அப்புறம் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மருந்துப் பை படியில் விழுந்தது. ஒரு சின்னப் பாட்டில் மட்டும் உருண்டு உருண்டு, கமலக்கண்ணன் செருப்பில் முட்டி நின்றது. உடையவில்லை. அவன் குனிந்து எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவனுக்கு அந்தக் குனிதல் தேவைப்பட்டது.

“அவருக்குத் தெரியுமா?” என்று படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“ரெண்டு பேருக்குமே தெரியும்” என்றாள் பொற்கொடி. “உள்ள இருக்கறவரு ஞாபகம் இல்லேங்கறாரு. அங்க இருக்கறவரு புள்ளியும் நான்தான் வெச்சேங்கறாரு. கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்டாம்.”

“எங்க கேட்டு நீலம்” என்றாள் மேகலா. சிரிப்பு மாதிரி ஏதோ கிளம்பி, வழியிலேயே வேறாகிவிட்டது. பொற்கொடி அவளைத் தாங்கிக்கொண்டாள்.

மேகலா எழுந்து உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாகக் கமலக்கண்ணன் பார்த்தான். கட்டிலருகே குனிந்து, கருப்பசாமியின் மழுங்கிய விரலைத் தன் கண்மேல் வைத்துக்கொண்டாள். அவன் ஏதோ சொன்னான், வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினான். அவள் காவலாளியைக் கூப்பிட்டு அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வெளியே வந்தபோது கைப்பையிலிருந்து இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்து முன்னால் நீட்டினாள். மூடியிலேயே பிரஷ்.

“இதையும் காட்டணும்ல? வண்டி இருக்கா?”

“குண்டு போட்டு வெச்சதுக்கு அப்பாமேல கேஸ் இருக்கும்மா” என்றாள் பொற்கொடி. “உன்னையும் கேப்பாங்க. ஆனா கொலை முயற்சி போயிடும்.”

“கேக்கட்டும்.”

*

ஆம்னி ஆஸ்பத்திரி வளாகத்தைவிட்டு வெளியே வந்தது. பொற்கொடி ராஜப்பனுக்குப் போன் செய்து, மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் காத்திருக்கச் சொன்னாள். ராஜப்பன் கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், “சட்டைப் பொத்தானச் சரியாப் போட்டுக்கச் சொல்லிட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பின்னிருக்கையில் மேகலா இரண்டு பாட்டில்களையும் ஒரே கைக்குள் மூடி வைத்திருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் கமலக்கண்ணனுக்கு இல்லை. ஜோக் ஒன்று சொல்லலாமா என்று யோசித்தான். வழக்கமாகத் தேடாமலே வருவது, இப்போது தேடியும் வரவில்லை.

நெடுஞ்சாலை ஏறும் முன்னால் சிக்னல். சிவப்பு. நின்றான்.

பூ விற்கும் பெண் ஒருத்தி கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனாள். முன்னால் நின்ற லாரியின் வாழைக்கன்று வாடித் தொங்கியது. அவன் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் ஆயிரம் தடவை பார்த்த வட்டம். இது நின்றிருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று முதல் தடவையாகக் குழம்பினான்.

சிவப்பு போய்ப் பச்சை விழுந்தது.

லாரி நகர்ந்தது. கமலக்கண்ணனின் கால் நகரவில்லை. பின்னால் ஒரு ஹாரன், அதற்குப் பின்னால் நாலு. பொற்கொடி திரும்பிப் பார்த்தாள்.

பின்னிருக்கையிலிருந்து ஒரு கை அவன் தோளைத் தொட்டது.

“போங்கண்ணா” என்றாள் மேகலா. “பச்சைதான்.”